சுவரில் விட்டுவந்த நோட்டீஸ்

அந்த நோட்டீஸை நான் மறந்துபோய் விட்டேனா, தெரிந்தே விட்டேனா? மேனேஜர் கேட்டார். என் வீட்டுக்காரர் கேட்டார். தையல் லைனில் இருக்கும் அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மூன்று பேரிடமும் "மறந்துதான் போச்சு" என்றே சொன்னேன். சொல்லும்போது உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிற நாட்களில் நினைத்துப் பார்த்தால், அன்று மாலை அந்தச் சுவரைத் தாண்டிப் போனபோது என் கண் அந்தக் காகிதத்தின் மேல் பட்டதாக ஞாபகம் வருகிறது. உண்மையிலேயே பட்டதா, பட்டதாகப் பிற்பாடு நானே நினைத்துக்கொண்டேனா, அதுவும் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது சூலூருக்குப் பக்கத்தில், திருப்பூர் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில். கைக்குழந்தைகளுக்கான பனியனும் ஜட்டியும் தைத்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். எனக்கு ஆபீஸ் வேலை. ஆள் சேர்ப்பது, லீவு எழுதுவது, ஆடிட் வந்தால் காகிதங்களைத் தயார் செய்வது. கை பழகின டெய்லர் ஒருவர் ஓவர்டைம் பார்க்கிற மாதத்தில் என்னைவிடக் கூடவே வாங்குவார். ஆனால் எனக்கு முதுகு சாய்கிற நாற்காலி இருக்கிறது. தலைக்கு மேல் ஏசி இருக்கிறது. நினைத்த நேரத்தில் பாத்ரூம் போகலாம். அவர்கள் பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும்.

ஆடிட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆளை அனுப்பி, இங்கே சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். வருகிற தேதி முன்னமே தெரியும். அதனால் அதற்கு முந்தைய வாரம் கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருக்கும். பாத்ரூமில் புது சோப்பு வரும். டோக்கன் மாட்டுகிற பலகை காணாமல் போகும். குழந்தைகள் காப்பகம் திறக்கும்.

இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எங்களிடமும் ஓர் அறை இருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் முயல் வரைந்து, தரையோடு ஒட்டிய உயரத்தில் குட்டி வாஷ்பேசின்கூட வைத்திருந்தார்கள். தையல்காரப் பெண்கள் அதை 'பாப்பா ரூமு' என்பார்கள். பாப்பா ஒன்றும் அதில் இருந்ததில்லை. வருடம் முழுக்க அட்டைப்பெட்டிதான் இருக்கும்.

போன கார்த்திகையில் ஆடிட்டுக்கு முந்தைய நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க. நாலு புள்ளைகளாவது இருந்தாத்தான் ரூமு மாதிரி இருக்கும்."

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். நான் உடனே "சரிங்க சார்" என்றேன். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு யோசிப்பது என் சுபாவம்.

அவளுக்கு அன்று திருவிழாதான். ஊஞ்சல், சறுக்குமரம், கரடி பொம்மை. பொம்மைகளின் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க வேண்டாம், அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று ஸ்டோர்காரர் சொல்லியிருந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் கரடியின் கவரைப் பல்லால் கிழித்துவிட்டாள். ஆடிட்டுக்கு வந்த அம்மா நல்லவர். முழங்காலை மடித்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்து கேட்டார்.

"நீங்க டெய்லி இங்க வருவீங்களா?"

"ஆமா," என்றாள் மகள். அந்த வயதில் அவள் எல்லாவற்றுக்கும் ஆமா சொல்வாள். நீ யானையா என்று கேட்டாலும் ஆமாதான். வந்தவர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இனி நோட்டீஸ். பையர் அனுப்பிய விதிப்புத்தகத்தில், 'தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு வைக்க வேண்டும்' என்று ஒரு வரி உண்டு. முந்தைய வருடங்களில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காப்பகக் கதவில் செருகுவார்கள். போன கார்த்திகையில்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்தால் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் மார்ஜின் போடாமல் ஒரு பக்கம் எழுதியது இல்லை. சார்ட் அட்டை வாங்கி, பென்சிலில் கோடு போட்டு, தமிழில் எழுதினேன். 'நம் நிறுவனத்தில் பணிபுரியும் பெண்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் காப்பக வசதி உண்டு. நேரம் காலை 8.30 முதல் மாலை 6 வரை. எல்லா வேலை நாட்களிலும். கட்டணம் இல்லை.'

அதற்குக் கீழே ஒடியாவில் எழுத, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கும் ஓர் ஒடிசாப் பெண்ணைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். நான் இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல அவள் முத்து முத்தாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, தெரிந்த தமிழில் கேட்டாள்.

"மேடம், இது நெஜமா?"

"ஆடிட்டுக்கு," என்றேன்.

அந்த வார்த்தை அவளுக்குப் புரியும். எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர்கள் எல்லாருக்கும் புரியும். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்குப் பதினொரு மாதக் குழந்தை இருந்தது. அவள் புருஷன் பக்கத்து மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவான். பனியன் துணிக் கீற்று ஒன்றால் குழந்தையின் கால் கொலுசைத் தன் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டுதான் தூங்குவானாம். குழந்தை தவழ்ந்து வாசல் பக்கம் போனால் கை இழுபட்டு விழித்துக்கொள்ளலாம் அல்லவா? இதை அவள் எனக்குச் சொன்னது சிரித்துக்கொண்டு, புருஷனின் புத்திசாலித்தனத்தை மெச்சுகிற மாதிரி.

மேனேஜரிடம் அறுபது காகிதங்களோடு சேர்த்து நீட்டி, நோட்டீஸுக்கும் கையெழுத்து வாங்கினேன். சீல் வைத்தேன். காலையில் வேலைக்கு வந்ததும் எல்லாரும் கைரேகை வைக்கிற மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில், நாலு மூலையிலும் நடுவிலும் பெவிகால் தடவி ஒட்டினேன்.

ஆடிட் முடிந்த அன்று மாலையே ஊஞ்சல் ஸ்டோருக்குப் போனது. பெட்டிகள் திரும்பி வந்தன. டோக்கன் பலகை ஆணியில் ஏறியது. எதை எதை எடுக்க வேண்டும், எதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டதும் நான்தான். அந்தப் பட்டியலில் நோட்டீஸ் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை எட்டேகாலுக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டின் முன்னால் கூட்டம். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கிட்டப் போனால் குழந்தைகள் அழுகிற சத்தம். பதினான்கு பெண்கள், பதினேழு குழந்தைகள். எண்ணியது நான் இல்லை. வாட்ச்மேன் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே விடாத ஆட்களையும் எழுதிவைப்பது அவர் பழக்கம்.

"ஏனுங்க, புள்ளைகளுக்கு பாஸ் இல்லீங்களே," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்றது, நான் முதலில் சொன்ன தையல் லைன் அக்கா. ஓவர்லாக் மிஷினில் தோள் இணைப்பவர். அவர் அம்மாவும் அப்பாவும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். குடும்பத்தில் முதன்முதலாக மிஷினில் கைரேகை வைத்துக் கம்பெனி வேலைக்குப் போகிறவர் இவர்தான். ஐந்து வயதுப் பையன் இடுப்பில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்க, அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை வாட்ச்மேனின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் என் நோட்டீஸ்.

"பாஸ் எதுக்குங்க? கட்டணமே இல்லைன்னு போட்டிருக்குது. கம்பெனி சீலு இருக்குது, சார் கையெழுத்து இருக்குது. கண்ணாடி போட்டுட்டு வாசிங்க."

"வாசிச்சனுங்க. எனக்கு உள்ள இருந்து ஆர்டரு வரோணுமில்லீங்க?"

"ஆர்டருதானுங்க இது."

பின்னால் இருந்த ஓர் இளம் ஹெல்பர், எங்கோ ஊர்வலத்தில் பார்த்த ஞாபகத்தில், முஷ்டியை உயர்த்தி "கதவைத் திற!" என்று கத்தினாள். அக்கா வெடுக்கென்று திரும்பினார்.

"ஏ புள்ள, பெரியவரப் பாத்து 'திற'ங்கறே? ஊட்டுல இப்படித்தான் பேசுவியா?"

"கதவைத் தொறங்க!" என்றாள் அவள், குரல் இறங்கி.

"ம், இன்னுங் கொஞ்சம்."

"கதவைத் தொறந்து உடுங்க!"

குழந்தைகளுக்கு அது பிடித்துப்போனது. "உடுங்க, உடுங்க" என்று குதித்தன. வாட்ச்மேன் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். நான் ஐடி கார்டைக் காட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சின்னக் கதவு வழியாக உள்ளே போனேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பனியன் முழுசாக வருவதற்கு எட்டு ஒன்பது கை மாற வேண்டும். தோள் இணைக்கிற ஆள் இல்லையென்றால், கழுத்துப் பட்டி வைக்கிறவருக்கும் கை மடிக்கிறவருக்கும் வேலை வராது. ஒன்பது மணிக்கெல்லாம் மூன்று லைன் நின்றுவிட்டது. அன்று மாலை தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும். பத்து மணி டீக்கு எழுந்த மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு உள்ளே திரும்பவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, கம்பி வழியாகக் குழந்தைகளுக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்தார்கள். ஆண்களும் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தையல் ஹாலில் மிஷின்கள் ஓடாமல் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் போர்டு யாரு எழுதுனது?"

"நாந்தானுங்க சார்."

"என்ற கையெழுத்து எப்படி வந்துச்சு?"

"நீங்கதான் சார் போட்டீங்க. மத்த பேப்பரோட சேத்தி."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஆடிட் முடிஞ்சதும் எடுக்கோணும்னு தோணலீங்களா?"

"மறந்துபோச்சுங்க சார்."

அவர் கெட்டவர் இல்லை. நான் மசக்கையாக இருந்தபோது பஸ் கூட்டத்துக்கு முன்னால் போகட்டும் என்று நாலு மணிக்கே அனுப்பிவைத்தவர். அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலாளி அவருக்கு போன் செய்தார். முதலாளிக்குப் பையரின் ஆள் போன் செய்திருப்பார். அதற்கு மேலே கடல் தாண்டி யாரோ. எல்லாருக்கும் லாரி மட்டும் போயாக வேண்டும்.

"நீங்களே போயி அதக் கிழிச்சுப்போட்டு, தப்பா ஒட்டிட்டோம்னு சொல்லீருங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. நான் போனா சண்டையாயிரும்."

"சரிங்க சார்," என்றேன். வழக்கம்போல.

கைரேகை மிஷின் கேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க நான் சுவரருகே போய் ஒரு மூலையை உரித்தேன். விரல் அகலத்துக்குத்தான் வந்தது. நகத்தால் சுரண்டினேன். பெவிகால் ஊறிப் பிடித்திருந்தது. சுண்ணாம்பு பெயர்ந்து வந்ததே தவிர, எழுத்து வரவில்லை.

"அம்மணி, கத்திரி வேணுமுங்களா?" என்றார் அக்கா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "நகம் போயிரப் போகுதுங்க."

யாரோ சிரித்தார்கள்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கறீங்க. ஒரு நாள் ஆடிட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு பசை?"

அதில் கோபம் இருந்ததா, கேலி மட்டுமா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்களிடம் திரும்பி, தப்பாக ஒட்டிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒடிசாப் பெண் கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். குழந்தை வெயிலில் சிவந்து, அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "மேடம், ஒரு நிமிசம். தண்ணி," என்று சின்னக் கதவு வழியாக அவனை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடப் போனாள். அவள் அதை யோசித்துச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் கை காலியாக நின்றது நான்தான். வாங்கின மறு நிமிடம் என் சுடிதார் இடுப்பு வரை நனைந்தது.

"அம்மணிக்கு அபிசேகம் ஆயிருச்சு டோய்!" என்று ஒருவர் கத்த, கூட்டமே சிரித்தது. நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததை நான் முடிவெடுத்துச் செய்ததாகச் சொன்னால் பொய். குழந்தை நனைந்திருக்கிறது, காய்ச்சல் மாதிரி சுடுகிறது, கழுவிவிட வேண்டும். குழந்தையைக் கழுவுகிற உயரத்தில் தண்ணீர் வருகிற இடம் கம்பெனியில் ஒன்றுதான். அந்த அறையின் சாவி என் மேஜையில் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். உள்ளே கூரை வரை பெட்டி, நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. பக்கவாட்டில் நுழைந்து அவனைக் கழுவினேன். ரிஜெக்ட் பெட்டியில் கைவிட்டு, தோள் தையல் கோணலாகப்போன ஒரு பனியனை எடுத்து மாட்டிவிட்டேன். அளவு சரியாக இருந்தது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு, சுவரில் பாதி மறைந்திருந்த முயலைப் பார்த்தான்.

திரும்பினால் வாசலில் அவன் அம்மா. அவளுக்குப் பின்னால் அக்கா. அவருக்குப் பின்னால் எல்லாரும். வாட்ச்மேன் பிறகு மேனேஜரிடம் சொன்னாராம்: "மேடமே கொழந்தையத் தூக்கிட்டு உள்ள போனாங்க. பெத்தவ பொறத்தால ஓடறா. நான் என்னன்னு சொல்லித் தடுக்கறதுங்க?"

அக்கா பெட்டிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதையெல்லாம் எங்கீங்க வெக்கறது?"

"கான்பரன்ஸ் ரூமுல இடம் இருக்குதுங்க," என்றேன். அன்று நான் பேசிய தைரியமான வாக்கியம் அது ஒன்றுதான். அதுவும் இடம் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிற பழக்கத்தால் வந்தது.

கை மாற்றிக் கை மாற்றி, லைனில் துணி நகர்வது போலவே, பெட்டிகள் போயின. கால் மணி நேரம். மேனேஜர் வந்து பார்த்தார். ஏசி அறையில் பெட்டி, மஞ்சள் அறையில் பதினேழு குழந்தைகள். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "சரி. இன்னைக்கு ஒரு நாளைக்கு," என்றார்.

"ரொம்ப சந்தோசமுங்க சார்," என்றார் அக்கா, மிஷினுக்குத் திரும்பிக்கொண்டே. "நாளைக்குக் காலையில வந்து மறுக்காக் கேக்கறமுங்க."

அப்படியேதான் கேட்டார்கள். தினமும் எட்டேகாலுக்குக் குழந்தைகளோடு கேட்டில் நின்று, "சார், இன்னைக்கும் உடுங்க சார்" என்று. அவரும் தினமும் இறங்கி வந்து, "இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் அவர் இறங்கி வருவதை நிறுத்திவிட்டார். ஊஞ்சல் ஸ்டோரிலிருந்து வந்தது. முதுகுவலியால் நிற்க முடியாமல் இருந்த ஒரு ஹெல்பரை ஆயாவாகப் போட்டார்கள். எனக்கு, கவனக்குறைவு என்று ஒரு மெமோ வந்தது. மெமோக்களை பைலில் போடுவது என் வேலைதான். ஒழுங்காகத் துளையிட்டு என் பைலில் போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர், துடியலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போராட்டம் பண்ணிட்டு வந்திருக்கறயாமா? அதென்ன உன்ற மேல வாசம்?"

சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "நெஜமாலுமே மறந்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தை மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போக, என் மகளையும் காப்பகத்துக்கே கொண்டுவர ஆரம்பித்தேன். ஒரு மாதம் என்று நினைத்தேன். இன்னும் வருகிறாள். முதல் வாரமே தலையில் பேன். அடுத்து சளி. நான் டீ டைமில் மூன்று தரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அவள் என்னைக் கவனித்ததே இல்லை. ஒடிசாக் குழந்தையை அவள்தான் வளர்ப்பது போல நடந்துகொள்வாள். அவன் நடக்கப் பழகியது அவள் கையைப் பிடித்துத்தான். தண்ணீருக்கு ஒடியாவில் 'பாணி' என்கிறாள். அவளுக்குப் பிடித்த விளையாட்டு ஆடிட். கரடியை உட்கார வைத்து, முழங்காலை மடித்து, "நீங்க டெய்லி வருவீங்களா?" என்று கேட்பாள். மற்ற குழந்தைகள் "ஆமா" என்று கத்த வேண்டும்.

மாசியில் ஒரு பெரிய ஆர்டர். பெட்டி வைக்க இடமில்லை. லோடுமேன்கள் இருவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காப்பக வாசலுக்கு வந்தார்கள். பின்னால் மேனேஜர். கதவருகே விரிப்பில் என் மகள் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "சரி, அக்கட்டால வேற எங்கயாச்சும் கொண்டு போயி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷினில் இருந்தபடியே அக்கா அதைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் என்னிடம் சொன்னார்.

"பாத்தீங்களா அம்மணி? பெட்டி திரும்பிப் போனது உங்க பாப்பாவுக்காகத்தானுங்க. எங்க புள்ளைக படுத்திருந்தா ஓரமா நகத்திப்போட்டு வெச்சிருப்பாங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா," என்றேன்.

"இல்லைன்னே இருக்கட்டுமுங்க," என்றார், என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டபடி.

இப்போது வைகாசி. வீட்டுக்காரர் நாலு பேரைப் பிடித்து, ஒரு நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு எல்.கே.ஜி. சீட் வாங்கிவிட்டார். ஜூனில் சேர்க்க வேண்டும். யூனிபாரம் தைக்கக் கொடுத்தாயிற்று. இது தெரிந்ததும் அக்கா என் மேஜைக்கே வந்தார். ஆபீஸ் அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"பாப்பா படிக்க வேண்டாம்னு சொல்லலீங்க. அடுத்த ஆடிட்டு வரைக்கும், கார்த்திகை வரைக்கும் இருக்கட்டுமுங்க. இந்த வருசம் ரூமு நெஜமா ஓடறத அந்தம்மா பாத்து எழுதிட்டுப் போனா, அப்பறம் பூட்டறது அவ்வளவு சுலுவு இல்லீங்க. இப்ப ஆபீஸ்காரங்க புள்ள இல்லைன்னா ஆடி தாண்டறதுக்குள்ள பெட்டி வந்துரும்."

இதைக் கேட்க அவருக்குச் சொந்தக் காரியம் ஒன்றும் கிடையாது. அவர் பையன் ஜூனில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். அறை பூட்டினால் வதைபடப்போவது ஒடிசாக் குழந்தையும் அவனைப் போன்ற சின்னதுகளும். அவன் இப்போது ஓடுகிறான். மணிக்கட்டில் கட்டிவைக்கிற வயது தாண்டிவிட்டது. அறை இல்லையென்றால் குழந்தையோடு ஊருக்கே போய்விடுவேன் என்று அவன் அம்மா சொல்கிறாள். அங்கே அவளுக்கு வேலை இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சீட்டு போயிருமே புள்ள. ஒரு வருசம் பிந்திப்போகும். நாம ரெண்டு பேரும் கஷ்டப்படறது இவ நல்லாப் படிக்கோணும்னுதானே?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் குட்டிப் பையனும் பாவந்தான்," என்றார். அவர் மகளுக்குப் பேன் பார்க்க ஆரம்பித்தார்.

என் மகளை ஒரு கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிற கல்லாக வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஆடிட்டுக்கு ஒரு நாள் பொம்மையாகக் கொண்டுபோனபோது அந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்று மறுநாள் தோன்றுகிறது. ஆறு மாதத்தில் அவள் படிப்பு கெட்டுவிடுமா? ஆறு மாதம் முடிந்து, இன்னும் ஒரு ஆறு மாதம் என்று கேட்டால்? அனுப்பிவிட்டு, ஆடியில் அந்தக் குழந்தை இல்லாமல் போனால், மகள் அவன் எங்கே என்று கேட்பாளே?

இதைப் படிக்கிறவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள். மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். சங்கத்தில் இருந்தவர்களும் இருக்கலாம். என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளையை ஒரு வருடம் பிந்திப் பள்ளியில் சேர்த்தவர்கள், அது பின்னால் பாதித்ததா என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஆபீஸ்காரர் குழந்தை இல்லாமலே இப்படி ஓர் அறையைப் பூட்டவிடாமல் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் போய், என்ன எழுதிக் கொடுத்து, எப்படி அதைச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். எழுதுகிற வேலையை நான் செய்வேன். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.